வருஷா வருஷம் கட்டப்படும் பள்ளத்தாக்கு

இமயத்தை நெருங்கும் பயணங்களில் மலை வழக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காணக் கிடைக்கும். முதலில் சிறு குன்றுகள், பிறகு பைன் மரச் சரிவுகள், எத்தனையோ வளைவுகளுக்கு அப்பால் ஒரு பனிச் சிகரம். இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் அந்தக் காத்திருப்புக்கு இடமில்லை. நெல்வயல் வரப்பில் நின்று தலையை நிமிர்த்தினால் தௌலாதார் மலைத்தொடர் நேர் எதிரே நிற்கிறது. பாலம்பூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து நேர்க்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர் போவதற்குள் மலைமுகடு 4,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவமழை வடக்கே வந்து மோதும் முதல் பெருஞ்சுவர் இது என்பதால் அடிவாரத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்க்கிறது.

இந்தச் சுவர் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. அதன் காலடியை ஒட்டி, நிலவியலாளர்கள் இமயத்தின் பிரதான எல்லைப் பிளவு என்று சொல்லும் கோடு ஓடுகிறது. எழும் வேகத்திலேயே மலை உதிர்கிறது. உதிர்ந்த பாறைகளை நியூகல், பின்வா, பனேர், ஆவா முதலிய காட்டாறுகள் உருட்டிக்கொண்டு வந்து விசிறி விசிறியாகப் பரப்பியிருக்கின்றன. வயலும் வீடும் கோயிலும் தேயிலையும் அந்தப் பரப்பின் மேல்தான் இருக்கின்றன. பாலம்பூரில் எந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் ஆற்றில் உருண்ட கூழாங்கல் வரும்.

அங்கே அலைந்த நாட்களில் ஒரு விஷயம் மெல்ல மெல்ல எனக்கு உறைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் பழையது என்று காட்டப்படும் எதை எடுத்துக்கொண்டாலும் அதை யாரோ அண்மையில் செப்பனிட்டிருக்கிறார்கள். செப்பனிடும் கை ஓய்ந்த இடத்தில் பழமையும் சீக்கிரம் போய்விடுகிறது.

1905 ஏப்ரல் 4ஆம் தேதி, காலை ஆறேகால் மணியைத் தாண்டியிருக்கும். பெரும்பாலோர் வீட்டுக்குள் இருந்த நேரம். 7.8 அளவுடையது என்று இன்று மதிப்பிடப்படும் நிலநடுக்கம் காங்க்ராவைக் குலுக்கியது. 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காங்க்ரா நகரம் தரைமட்டமானது. 1009இல் கஜினி முகமது கொள்ளையடித்துப் போன பிறகும் மீண்டெழுந்திருந்த வஜ்ரேஸ்வரி கோயில் இடிந்து குவிந்தது. இன்று அங்கே பக்தர்கள் வரிசையில் நிற்கும் கோயில் அதன் பிறகு எழுப்பப்பட்டது. தர்மசாலாவின் மேல்பகுதியில் தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கும் தூய யோவான் தேவாலயம் 1852இல் கட்டியது. அதன் மணிக்கூண்டு சரிந்தது, சுவர்கள் நின்றன. 1863இல் இங்கே இறந்த வைசிராய் எல்ஜின் பிரபுவின் கல்லறை அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. காங்க்ராவில் முதியவர்கள் பேசும்போது ஒரு வீட்டின் வயதைச் சொல்ல நிலநடுக்கத்துக்கு முன்னா, பின்னா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டவரில்லை. பாட்டன் சொன்னதாக, அவருக்கு அவர் அப்பன் சொன்னதாக வந்து சேர்ந்த நினைவு அது.

அந்தக் காலையில் விழாமல் நின்றது பைஜ்நாத் கோயில். பாலம்பூரிலிருந்து சாலையில் அரைமணி நேரம். பின்வா ஆறு கீழே வளைந்து ஓட, மேட்டின் விளிம்பில் ஒற்றைச் சிகரத்தோடு நிற்கும் வைத்தியநாதர் கோயில். கர்ப்பக்கிரகத்துக்குப் போகும் கூட்டத்தோடு நானும் போனேன். ஆனால் மனம் நின்றது அங்குள்ள இரண்டு நீண்ட கல்வெட்டுகளிடம். சாரதா எழுத்து. காஷ்மீரிலும் இந்த மலைநாடுகளிலும் ஒரு காலத்தில் வழங்கிய எழுத்து அது. ஒவ்வொரு எழுத்தின் உச்சியிலும் உளி ஆப்பு வடிவத்தில் ஒரு தடிப்பை விட்டிருக்கிறது. கல் வழுவழுப்பாகியிருக்கிறது, தலைமுறை தலைமுறையாகப் பக்தர்களின் கையும் தோளும் உரசியிருக்கும். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. அதைப் படித்து எழுதிய அறிஞர்களின் துணையோடுதான் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்தேன்.

இந்தக் கோயிலைக் கட்டியது அரசன் அல்ல என்பது அதில் என்னை முதலில் நிறுத்திய செய்தி. ஆஹுகன், மன்யுகன் என்ற வணிகச் சகோதரர்கள் 1204இல் கட்டினார்கள். அன்று ஊரின் பெயர் கீரகிராமம். திரிகர்த்த நாட்டு அரசனின் பெயரும் உள்ளூர்த் தலைவனின் பெயரும் அவர்களுக்குரிய மரியாதையோடு வருகின்றன. சுசர்மபுரம் என்று அப்போது அழைக்கப்பட்ட காங்க்ராவிலிருந்து வந்த சிற்பாசாரிகளின் பெயரும் வருகிறது. கட்டியவனைக் கல்லில் எழுதிவைக்கும் ஊரைப் பார்த்தால் எனக்கு எப்போதும் மனம் நிறைகிறது. அடுத்து வருவது கொடைப் பட்டியல்: எண்ணெய்ச் செக்கு, நிலம் என்று. சகோதரர்கள் கோயிலைக் கட்டியதோடு நிற்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வரும், சுண்ணாம்பு உதிர்ந்தால் காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் கல்லிலேயே பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காங்க்ரா அரசன் சன்சார் சந்த் செப்பனிட்டான். 1905க்குப் பிறகு தொல்லியல் துறையின் கை பட்டது. எண்ணூறு ஆண்டுகளாகப் பூசை நின்றதாகத் தெரியவில்லை.

பைஜ்நாத் மக்கள் தசராவன்று ராவணனை எரிப்பதில்லை. கயிலையிலிருந்து இலங்கைக்கு லிங்கத்தைச் சுமந்துபோன ராவணன் வழியில் இறக்கிவைத்த இடம் இது என்பது ஊர்க்கதை. வடநாடு முழுவதும் பட்டாசு வெடித்துக் கொடும்பாவி எரியும் இரவில் இங்கே மைதானம் காலியாகக் கிடக்கும். சிவனடியாரைக் கொளுத்துவது ஆகாது என்கிறார்கள். பதிகந்தோறும் எட்டாம் பாடலில் ராவணனை மலைக்கு அடியில் நசுங்கவைத்து, அவன் பாடியதும் வாளும் நாளும் பெற்றதைச் சொல்லும் சம்பந்தரைப் படித்து வளர்ந்தவனுக்கு இந்த ஊரின் மனசு சட்டென்று புரிகிறது. தண்டிக்கப்பட்டவனும் அருளப்பட்டவனும் ஒரே ஆள்.

மஸ்ரூர் வேறு விதம். காங்க்ரா நகரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு மணற்பாறைக் குன்றின் முதுகையே மேலிருந்து கீழாகச் செதுக்கி 8ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் தொகுதியை எடுத்திருக்கிறார்கள். கழுகுமலையில் வெட்டுவான் கோவிலை உளிகள் பாறையிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டு. இரண்டுமே முடிவடையவில்லை. மஸ்ரூரின் முகப்பு வடகிழக்கே தௌலாதாரைப் பார்க்கிறது. முன்னால் நீள்சதுரக் குளம். மலையின் உருவமாகச் சிகரத்தைச் செதுக்கியவன், நிஜ மலைக்கு எதிரே அதை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே நீரையும் வைத்திருக்கிறான். இந்தப் பள்ளத்தாக்கில் இதைவிடத் துணிச்சலான எண்ணம் யாருக்கும் வந்திருக்காது. வெளியுலக ஆய்வாளர்களின் கவனத்துக்கு இது வந்தது 1913இல்தான். அதற்குள் 1905 வந்து போயிருந்தது. ஒரே பாறை என்பதால் உடைந்தது உடைந்ததுதான். பெயர்த்து அடுக்க அங்கே தனிக்கல் கிடையாது. நடுச் சன்னிதியில் பின்னாளில் வைத்த ராமர், லட்சுமணர், சீதைக்கு இன்னும் விளக்கெரிகிறது. மற்ற சிகரங்களை மழை தின்றுகொண்டிருக்கிறது.

பள்ளத்தாக்கின் தாழ்வான மேற்கு ஓரத்தில் இன்னொரு கோயில் தொகுதி, பாத்தூ. 1974இல் பியாஸ் ஆற்றின் குறுக்கே பாங் அணை கட்டி முடிந்தபோது அது நீர்த்தேக்கத்துக்குள் போனது. வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் தண்ணீருக்கடியில் இருக்கும். கோடையில் நீர் வற்றும்போது சேறு காய்ந்த தூண்களோடு வெளியே வரும். அப்போது படகிலும் நடந்தும் மக்கள் பார்க்கப் போகிறார்கள், படமெடுக்கிறார்கள். கூடவே மூழ்கிய ஹல்தூன் வயல்களைப் பற்றிப் பேசுபவர் குறைவு. காங்க்ராவின் மிக வளமான நிலம் அது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. ராஜஸ்தான் கால்வாய்ப் பாசனப் பகுதியில் நிலம் தருவதாகச் சொன்னார்கள். அந்த வாக்குறுதிக்காக இரண்டு தலைமுறை வழக்காடியிருக்கிறது. கோயிலாவது வருஷம் நான்கு மாதம் திரும்பி வருகிறது.

கோயில்களை விட்டு வயலுக்கு வந்தால் இந்தப் பள்ளத்தாக்கின் ஆகச் சிறந்த கட்டுமானம் கண்ணில் படும். ஆனால் பார்க்க அது கட்டுமானம் போலவே இருக்காது. கூஹ்ல் என்பது மலையோடையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால். காங்க்ராவில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிலது ஒரு ஊருக்கு, சிலது பல ஊர்களுக்கு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிர்பால் சந்த் என்பவர் வெட்டி பவார்னாப் பக்கம் கொண்டுபோன கூஹ்லில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

அதன் தலைவாய் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஓடையின் குறுக்கே சாய்வாக உருட்டுக்கற்களைக் கோத்திருப்பார்கள். இடைவெளிகளில் மரக்கிளை, புல், இலைதழை. சிமெண்டு இல்லை. நான் பார்த்த இடத்தில் ஏழெட்டுப் பேர் முழங்கால் நீரில் நின்று கடப்பாரையால் ஒரு பெரிய கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற பெரியவர் ஒரு சொல் சொல்ல, கல் கால் திருப்பம் திரும்பி உட்கார்ந்தது. தண்ணீர் வாய்க்கால் பக்கம் தலையைத் திருப்பியது. அவர் அந்தக் கூஹ்லின் கோஹ்லி. தண்ணீர் பங்கிடுவது, பழுது பார்க்க வீட்டுக்கு ஓர் ஆளை அழைப்பது, தகராறு தீர்ப்பது, தலைவாயில் பூசை வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் ஒரு பங்கு தானியம் அவருக்குக் கூலியாக இருந்து வந்தது.

“மழைக்காலம் வந்தால் இது நிற்குமா, பாபாஜி?” என்று கேட்டேன்.

“நிற்கக் கூடாது, தம்பி. வெள்ளம் வந்தால் முதலில் இதுதான் போக வேண்டும். இது போகாமல் நின்றால் வாய்க்கால் போய்விடும், வயலும் போய்விடும். கல் எங்கே போகும்? இங்கேதான் கீழே கிடக்கும். வந்து மறுபடி வைப்போம்.”

வெள்ளத்துக்கு விட்டுக்கொடுக்கவென்றே கட்டிய அணை அது. பலவீனமாகக் கட்டுவது ஒரு தேர்ச்சி என்பதை நான் அங்கேதான் கற்றேன். 1905இல் நூற்றுக்கணக்கான கூஹ்ல்கள் மண்சரிவில் மூடிப்போனபோதும் ஊர்கள் அவற்றைத் திரும்பத் தோண்டி எடுத்தன. மலைச்சரிவில் சிக்கலான இடங்களில் அரசு ராணுவப் பொறியாளர்களை அனுப்பி உதவியது. இப்போது கூஹ்ல்களுக்கு வந்திருக்கும் ஆபத்து பூமிக்கடியிலிருந்து வரவில்லை. இளைஞர்கள் சண்டிகருக்கும் டெல்லிக்கும் ராணுவத்துக்கும் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று அழைத்தால் வர வீட்டில் ஆளில்லை. பாசனத் துறை கான்கிரீட்டில் போட்ட தலைவாய்களைப் பாறை அடைக்கிறது, அடைப்பெடுக்க ஒப்பந்தக்காரருக்குக் காத்திருக்க வேண்டும். ஆற்றுப் படுகையின் கல்லையே ஜல்லி ஆலைகளுக்கு அள்ளிப்போவது இன்னொரு கொடுமை. 2022 ஆகஸ்டில் பதான்கோட் அருகே சக்கி ஆற்றின் ரயில் பாலம் வெள்ளத்தில் இடிந்தபோது, படுகையைத் தோண்டியதே காரணம் என்று பலரும் சொன்னார்கள். அந்தப் பாலத்தின் மேல் ஓடியது 1929இல் திறந்த குறுகிய பாதை ரயில்; ஷானன் நீர்மின் நிலையத்துக்குப் பொருள் கொண்டுபோகப் போட்டது. பதான்கோட்டிலிருந்து ஜோகீந்தர் நகர் வரை 164 கிலோமீட்டரில் சுரங்கப் பாதை இரண்டே இரண்டு. மலையைக் குடையாமல் வளைந்து வளைந்து போனவர்கள், ஆற்றில் ஊன்றிய பாலத்தூண்களின் மேல்தான் நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

மலைப்பாதைகள் என்றதும் வெளியூர்க்காரர்கள் திரியுண்ட் என்பார்கள். தர்மசாலாவுக்கு மேலே சுமார் 2,850 மீட்டரில் ஒரு புல்வெளி முகடு. கருவாலி மரங்களும் மார்ச் ஏப்ரலில் சிவந்து பூக்கும் புரான்ஷ் மரங்களும் வழித்துணை. அழகான நடைதான். ஆனால் அந்தப் பாதையின் அர்த்தம் திரியுண்டில் முடிவதில்லை. அது மேலேறி 4,342 மீட்டர் உயரமுள்ள இந்திரஹார் கணவாயைத் தாண்டி மறுபுறம் சம்பா நாட்டுக்குள் இறங்குகிறது. பாலம்பூர்ப் பக்கம் ஜால்சூ, பீர் பக்கம் தம்சர் என்று தௌலாதார் நெடுகிலும் இப்படிக் கணவாய்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்துத் தேய்த்து வைத்திருப்பவர்கள் கத்தீ இடையர்கள். குளிர்காலத்தை ஆடுகளோடு காங்க்ராவின் தாழ்வான காடுகளில் கழிப்பார்கள். வசந்தத்தில் மேலேறி, பனி இளகியதும் கணவாய் கடந்து பர்மோருக்கும் லாஹூலுக்கும் போவார்கள். இலையுதிரும் காலத்தில் திரும்புவார்கள். குளிர்காலத்தில் மணிமகேஷ் கயிலையிலிருந்து சிவனும் தங்களோடு கீழே இறங்கிவிடுவதாக நம்புகிறவர்கள். பனியில் தனியே இருக்கும் தெய்வத்தை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே அவரையும் ஓர் இடையராக்கிக் கூட்டிக்கொண்டார்கள்.

நான் ஏறியபோது எதிரே ஒரு மந்தை வந்தது. பாதையை விட்டு ஒதுங்கிப் பாறையோடு ஒட்டி நின்றேன். முதலில் நாய், கழுத்தில் இரும்பு முட்கள் வைத்த பட்டை. சிறுத்தை பாய்வது கழுத்தைத்தான் என்பதால் அந்தக் கவசம். பிறகு செம்மறிகளும் வெள்ளாடுகளுமாக இருநூறுக்கு மேல். கடைசியில் ஓர் இளைஞர். சோலா என்னும் கம்பளி அங்கி. இடுப்பில் கறுப்புக் கம்பளிக் கயிறு சுற்றுச் சுற்றாக. கயிற்றுக்கு மேல் அங்கி புடைத்திருந்தது. அந்தப் புடைப்பிலிருந்து ஈன்ற ஈரம் இன்னும் காயாத ஒரு குட்டியின் தலை எட்டிப் பார்த்தது. ஒரு கையில் கோல், மறுகையில் கைபேசி. கீழே எந்த ஊரில் யார் வயலில் அன்றிரவு கிடை போடுவது என்று பேசிக்கொண்டே போனார். கிடைக்குக் காசும் தானியமும் கொடுக்கும் விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் கீழ்க்காடுகளை உண்ணிச்செடி மூடிவருகிறது. வனத்துறை நட்ட பைன் மரத்தடியில் புல் முளைப்பதில்லை. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே மந்தையைக் கடத்துவது கணவாயைக் கடப்பதைவிடக் கடினம். ஒரு பாதையை அழிக்க அதை வெட்ட வேண்டியதில்லை. சில வருஷம் மந்தை வராவிட்டால் போதும். சரிவு அதை எடுத்துக்கொள்ளும்.

தேயிலைக்கு வருகிறேன். கோயில்களுக்கும் பாதைகளுக்கும் முன்னால் இது நேற்று வந்த பயிர். சகாரன்பூர்த் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் வில்லியம் ஜேம்சன் 1849இல் இங்கே நட்டுப் பார்த்தார். அல்மோராவிலும் டேராடூனிலும் வளர்த்த சீன வகைச் செடிகள். 1852இல் பாலம்பூருக்கு அருகே ஹோல்டாவில் வணிகத் தோட்டம் தொடங்கியது. சின்ன இலை, குளிர் தாங்கும், அஸ்ஸாம் வகை போலக் கெட்டியான சாயம் இறங்காது, பொன்னிறமாக இறங்கும், வாசனை அதிகம். 1886இல் லண்டன் கண்காட்சியில் தங்கப்பதக்கம் வாங்கியது. பச்சைத் தேயிலை அமிர்தசரஸ் சந்தைக்குப் போய் அங்கிருந்து காபூலுக்கும் அதற்கு அப்பாலும் போனது. பிறகு 1905. ஆலைகள் நொறுங்கின, வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளில் பெரும்பாலோர் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

அந்தப் பேரழிவு தேயிலையின் முகத்தையே மாற்றிவிட்டது. தேயிலைத் தோட்டம் என்றால் நமக்கு வால்பாறையும் நுவரெலியாவும் நினைவுக்கு வரும். லயம், கங்காணி, பெரட்டு என்று சொற்கள் வரிசையில் வந்து நிற்கும். காங்க்ராவில் அந்த உலகம் பெரும்பாலும் கிடையாது. நிலம் உள்ளூர்க்காரர் கைக்கு வந்து, அண்ணன் தம்பிகளுக்குப் பாகம் பிரிந்து, இன்று பெரும்பாலானவை ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தோட்டங்கள். 1960களிலிருந்து சிறு விவசாயிகளுக்காகக் கூட்டுறவு ஆலைகள் வந்தன. 2005இல் புவிசார் குறியீடு. 2023இல் ஐரோப்பிய ஒன்றியமும் அப்பெயருக்குப் பாதுகாப்பு தந்தது. இவ்வளவு மரியாதை கிடைத்த பிறகும் விளைச்சல் 1990களின் இறுதியில் இருந்ததைவிட மிகக் கீழே நிற்கிறது. ஏறக்குறைய 2,300 ஹெக்டேர் கணக்கில் இருந்தாலும் அதில் கணிசமான பகுதி கைவிடப்பட்டது.

கைவிட்ட தேயிலை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தேயிலை செடியல்ல, மரம். இடுப்பளவில் அது நிற்பது வாரா வாரம் கொழுந்து பறிக்கும் விரல்களாலும் குளிர்காலக் கவாத்துக் கத்தியாலும்தான். விட்டுவிட்டால் ஆள் உயரம், அதற்கும் மேல் போய், வெள்ளைப் பூ பூத்துக் காய்த்து, கொடி ஏறிப் புதராகிவிடும். பாலம்பூரின் ஓரங்களில் அத்தகைய தோட்டங்களை வேலிக்கு வெளியிலிருந்தே அடையாளம் காணலாம். தேயிலை நிலத்தை நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது தேயிலை நிற்க வேண்டும் என்பதற்காக. விடுதி கட்ட வழிகேட்டு அந்த விலக்கின் கதவைத் தட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தேயிலையைக் காட்டி அறை வாடகை வாங்கத் தேயிலையையே வெட்டுவது எனக்குத் தாங்க முடியாத காட்சியாக இருந்தது.

ஏப்ரல். முதல் கொழுந்து. காங்க்ராவில் ஆண்டின் மிகச் சிறந்த தேயிலை இந்த வாரங்களில்தான் வரும். ஒரு சிறு தோட்டத்தில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா பறித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் தொட்டு, கிள்ளாமல் லேசாக நிமிண்ட, காம்பு தானே விட்டுவிடுகிறது; உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் போகிறது. நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. தோட்டம் எத்தனை வருஷம் பழையது, மாதாஜி என்று கேட்டேன். மாமனாரின் அப்பா காலத்துச் செடிகள் என்றார். மகன் சண்டிகரில் இருக்கிறார், விற்றுவிடச் சொல்கிறார், பக்கத்து நிலத்துக்காரர் விற்றாகிவிட்டது.

“டிசம்பரில் கவாத்து நானும் மருமகளும் செய்தோம். பறிக்க வெளியூர் ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. வந்தால் அவர்கள், வராவிட்டால் நாங்கள். பத்து நாள் விட்டால் இந்த இலை முற்றிவிடும், ஆலையில் எடுக்க மாட்டார்கள்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். ஆலை வண்டி நான்கு மணிக்கு வரும் என்றார். நான் பறிக்கத் தெரியாதவன் என்பதைப் பார்த்துவிட்டு, இரண்டாம் கூடையை மட்டும் மேட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார்.